அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது? – ரொறன்ரோ ஹொக்கி விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விமர்சகர்களே,

பருவம் முடிந்த கையோடு நீங்கள் நடத்தும் கணக்குத் தீர்க்கும் நிகழ்ச்சியை இந்த முறையும் பார்த்தேன். எங்கள் ரொறன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸ், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்ந்தெடுத்தவர்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் போட்டு, குறைந்தவர்களுக்குச் சிவப்புக் கட்டம் கட்டியிருந்தீர்கள். அதில் ரோடியோன் அமிரோவின் பெயரும் இருந்தது. பூச்சியம், சிவப்புக் கட்டம். 2020 டிராஃப்டில் 15ஆவது ஆளாக எடுக்கப்பட்ட அந்த இளைஞர், மூளைக் கட்டியோடு போராடி 2023 ஓகஸ்டில் 21 வயதில் இறந்துபோனார். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் கட்டம் உறுத்தவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டீர்கள்.

நிகழ்ச்சியின் பெயரையோ உங்கள் பெயர்களையோ எழுதப் போவதில்லை. ஒருவர் இருவரின் பழக்கம் என்றால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. இந்த நகரத்தில் ஹொக்கியைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்கும் பெரும்பாலானவர்களின் பழக்கமாக அது ஆகிவிட்டது. அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, வாங்கி விற்கும் பொது முகாமையாளர் எடுத்த முடிவு சரியா பிழையா என்பதை, அது கடைசியில் எப்படிப் போய் முடிந்தது என்பதை மட்டும் வைத்துத் தீர்க்கிறீர்கள். கல்யாணம் முறிந்த பிறகு சாதகத்தை எடுத்து வைத்துப் பொருத்தம் பார்க்கிற வேலை இது. பொருத்தமில்லை என்று அடித்துச் சொல்ல அப்போது எவராலும் முடியும்.

ஃபில் கேசலில் இருந்து தொடங்குகிறேன், நீங்களும் எப்போதும் அங்கிருந்துதானே தொடங்குகிறீர்கள். 2009 செப்டம்பரில் அன்றைய லீஃப்ஸ் முகாமையாளர் பிரையன் பேர்க் 2010, 2011 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் 2010இன் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் பொஸ்டனுக்குக் கொடுத்துக் கேசலை வாங்கினார். உங்கள் திரையில் இது எப்படி வரும்? ஒரு பக்கம் கேசல், மறுபக்கம் அந்தத் தேர்வுகளில் பொஸ்டன் பிறகு எடுத்த டைலர் செகின், டகி ஹமில்டன், ஜாரெட் நைட். பார்த்தவுடன் தலையில் கை வைக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த டிரேட் (பரிமாற்றம்) நடந்த அன்று மறுபக்கத்தில் ஒரு பெயரும் கிடையாது. செகினுக்கு வயது 17, ஹமில்டனுக்கு 16. பேர்க் கொடுத்தவை எத்தனையாவது இடமாக அமையும் என்றுகூடத் தெரியாத மூன்று தேர்வு உரிமைகள் (அணி கீழே முடிய முடியத் தேர்வு முன்னால் வரும்). வாங்கியது, 21 வயதில் முந்தைய பருவத்தில் 36 கோல் அடித்திருந்த ஒரு ஆட்டக்காரர். அவர் ரொறன்ரோவில் ஆடிய ஆறு பருவத்திலும் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவரேதான். இதை உங்கள் திரையில் நான் பார்த்ததேயில்லை.

அதனால் பேர்க் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. பிழை விட்டார். ஆனால் நீங்கள் சொல்கிற பிழை அது அல்ல. "செகினைக் கொடுத்துவிட்டார்" என்பது பிழை அல்ல, ஏனென்றால் அவர் செகினைக் கொடுக்கவில்லை. முந்தைய பருவத்தில் பிளேஓஃபுக்கே (கிண்ணத்துக்கான இறுதிக்கட்டத் தொடர்களுக்கே) போகாத தன் அணி, கோடையில் சில தடுப்பாட்டக்காரர்களைச் சேர்த்ததோடு நடுத்தர அணியாகிவிடும் என்று நம்பினாரே, அதுதான் பிழை. தேர்வு மிக மேலே போனால் கைமாறாது என்ற பாதுகாப்பு நிபந்தனை ஒன்றும் போடாமல் கொடுத்ததும் பிழை. அந்தப் பருவத்தின் முதல் எட்டு ஆட்டங்களில் லீஃப்ஸுக்கு ஒரு வெற்றியும் இல்லை. முடிவில் 30 அணிகளில் 29ஆவது. தன் அணியைத் தானே தப்பாக எடை போட்டார் என்று 2009 செப்டம்பரிலேயே சொல்லியிருக்கலாம். அதுவும் இந்த நகரத்தில் இருந்துகொண்டு. 1989 ஒக்டோபரில் டொம் கேர்வர்ஸ் என்ற தடுப்பாட்டக்காரருக்காக 1991இன் முதல் சுற்றுத் தேர்வை நியூ ஜெர்சிக்குக் கொடுத்து, அது மூன்றாவது இடமாகி பின்னாளில் நட்சத்திரமான ஸ்கொட் நீடர்மையராக முடிந்ததைப் பார்த்த நகரம் இது. லீஃப்ஸ் இன்னும் கொஞ்சம் சறுக்கியிருந்தால் அது முதலாவது இடமாகி, அந்த வருடம் முதலாவதாக எடுக்கப்பட்ட எரிக் லின்ட்ரோஸாகவே போயிருக்கும்.

சரி, கேசல் டிரேடில் பொஸ்டன் வென்றது என்கிறீர்கள். எந்தத் தேதியில் நின்று சொல்கிறீர்கள்? 2011 ஜூனில் நின்றால், ஆம். செகின் முதல் வருடத்திலேயே என்எச்எல்லின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கினார். 2013 ஜூலையில் அதே செகினைப் பொஸ்டன் டலஸுக்கு அனுப்பியது, பதிலுக்கு வந்தவர்களில் பெரிய பெயர் லூயி எரிக்சன். டலஸில் முதல் பருவத்திலேயே செகின் 84 புள்ளி எடுத்தார். 2015இல் ஹமில்டன் கல்கரிக்குப் போனார். அதற்குக் கிடைத்த முதல் சுற்றுத் தேர்வு அந்த வருடத்தின் 15ஆவது இடம், பொஸ்டன் அதில் சக்கரி செனிஷினை எடுத்தது. அடுத்த மூன்று இடங்களில் போனவர்கள் மாத்யூ பார்சல், கைல் கொனர், தோமஸ் ஷபொட். செனிஷின் என்எச்எல்லில் நிலைக்கவே இல்லை. நைட் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. கேசலோ பிட்ஸ்பர்க் போய் 2016, 2017 என்று இரண்டு கிண்ணம் வென்றார், பிறகு 2023இல் வேகஸோடு மூன்றாவது. அந்த வேகஸ் அணியில் செகினுக்குப் பதிலாக ஒரு காலத்தில் பொஸ்டனுக்கு வந்த ரைலி ஸ்மித்தும் இருந்தார் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பு வரவைக்கும் விஷயம்.

ரொறன்ரோ பக்கத்திலும் இந்தச் சங்கிலி நீள்கிறது. 2015 ஜூலை முதலாம் தேதி கேசலைப் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பியபோது வந்தவற்றில் ஒன்று முதல் சுற்றுத் தேர்வு, இன்னொன்று கஸ்பெரி கபனன். அந்தத் தேர்வு சுற்றின் கடைசி இடமான 30ஆவதாகப் போனதற்குக் காரணம், பிட்ஸ்பர்க் அந்த வருடம் கிண்ணம் வென்றது. வெல்ல உதவியவர்களில் கேசலும் ஒருவர்! அந்த 30ஆவது இடத்தையும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்துத்தான் ஃப்ரெட்ரிக் ஆண்டர்சன் என்ற கோல் காப்பாளர் வந்தார், ஐந்து பருவம் ஆடினார். கபனனை 2020 ஓகஸ்டில் பிட்ஸ்பர்க்குக்கே திருப்பி அனுப்பியபோது கிடைத்தவற்றில் முக்கியமானது 15ஆவது இடம். அந்த இடத்தில் எடுக்கப்பட்டவர்தான் ரோடியோன் அமிரோவ்.

இப்போது சொல்லுங்கள். இந்தச் சங்கிலியை எந்த இடத்தில் வெட்டி மார்க் போடுவீர்கள்? ஒருவருக்கு நோய் வந்தது எந்த முகாமையாளரின் பிழை? சிவப்புக் கட்டம் யாரைக் குற்றம் சொல்கிறது?

முகாமையாளர்களை விமர்சிக்கவே கூடாது என்று நான் வாதாடவில்லை. உண்மையில் நீங்கள் போதுமான அளவுக்கு விமர்சிப்பதில்லை என்பதுதான் என் குறை. 2011 டிராஃப்டில் அதே பேர்க், 22ஆவது இடத்துக்கு ஏறுவதற்காக 30ஆவது, 39ஆவது இரண்டையும் அனஹைமுக்குக் கொடுத்தார். 22இல் எடுத்தது டைலர் பிக்ஸை. அவர் என்எச்எல்லில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அனஹைம் 30இல் ரிக்கார்ட் ரக்கெலையும் 39இல் ஜோன் கிப்சனையும் எடுத்தது. ஒருவர் பல தடவை 30 கோல் தாண்டியவர், மற்றவர் அந்த அணியின் கோலைப் பல வருடம் காத்தவர். ரக்கெலையும் கிப்சனையும் மறைத்துவிட்டுப் பார்த்தாலும் இது மோசமான முடிவு. 18 வயதுப் பிள்ளைகளில் யார் தேறுவார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில், எட்டு இடம் முன்னால் போவதற்காக ஒரு முழு வாய்ப்பைக் கூடுதலாகக் கொடுப்பது தன் கண்ணை அளவுக்கு மீறி நம்புகிறவர் செய்கிற வேலை. அன்று இரவே சொல்லியிருக்கலாம். உங்கள் பட்டியலில் பிக்ஸின் பூச்சியம் இருந்தது, அந்தப் பூச்சியத்துக்காக எதைக் கொடுத்தார்கள் என்பது இல்லை. கேசலுக்கு இருபது நிமிடம், இதற்கு ஒரு வார்த்தையும் இல்லை.

டூக்கா ராஸ்க் என்ற கோல் காப்பாளரின் விஷயமும் அப்படித்தான். 2006 ஜூனில் அவரைக் கொடுத்து பொஸ்டனின் கோல் காப்பாளர் அன்ட்ரூ ரேக்ரொஃப்டை வாங்கியதை, ராஸ்க் 2014இல் சிறந்த கோல் காப்பாளருக்கான வெசினா விருது வாங்கியதை வைத்துத் திட்டுகிறீர்கள். தேவையே இல்லை. அதே 2006 ஜனவரியில் நடந்த உலக இளையோர் போட்டியில் சிறந்த கோல் காப்பாளர் என்று தேர்வானவர் ராஸ்க். லீஃப்ஸின் கையில் இருந்த இன்னொரு இளைஞரான ஜஸ்டின் போகி அந்தப் போட்டியில் கனடாவோடு தங்கம் வென்றார், அவரைப் பெரிதாக நம்பினார்கள். ரேக்ரொஃப்டோ 2004இல் சிறந்த புதுமுகம், அதற்கு அடுத்த பருவத்திலேயே சரிந்தவர். இவ்வளவும் அன்று எல்லோர் முன்னாலும் இருந்த தகவல். இதை வைத்தே கடுமையாகக் கேள்வி கேட்கலாம். எட்டு வருடத்துக்குப் பிறகு வந்த விருது எதற்கு?

பிறகு வந்த முகாமையாளர் கைல் டூபஸ் காலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் குரல் அங்கேதான் உச்சத்துக்குப் போகிறது. மூத்த ஆட்டக்காரர் பட்ரிக் மார்லோவோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கரோலைனாவிடம் தள்ளிவிட்டார், அது 13ஆவது இடமாகி சேத் ஜாவிஸ் ஆனது. டூபஸின் பெரும் பிழை என்று சொல்கிறீர்கள். மார்லோவுக்கு 2017இல் மூன்று வருட ஒப்பந்தம் போட்டது யார்? டூபஸுக்கு முன் முகாமையாளராக இருந்த லூ லமொரெல்லோ. 35 வயது தாண்டியவருக்குப் போட்ட ஒப்பந்தம் என்பதால் பணம் கொடுத்து விலக்கினாலும் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பில் பாரம் பெரிதாகக் குறையாது என்பது கையெழுத்திட்ட அன்றே எழுத்தில் இருந்த விதி. கடன் ஒருவர் வாங்கினார், வட்டி கட்டியவரைத் திட்டுகிறீர்கள். மறுபக்கமும் உண்டு. அணியின் நட்சத்திரங்களில் மோர்கன் ரைலி பேர்க் காலத்தில் எடுக்கப்பட்டவர், வில்லியம் நைலாண்டர் அடுத்த முகாமையாளர் டேவ் நோனிஸ் காலத்தில் எடுக்கப்பட்டவர், ஓஸ்டன் மத்யூஸ் முதல் இடத்துக்கான குலுக்கலில் 20 சதவீத வாய்ப்பில் விழுந்தவர். அந்தப் பெருமையை அடுத்தடுத்து வந்தவர்கள் அனுபவித்தார்கள்.

2019இல் நசெம் கட்ரி என்ற ஆட்டக்காரரைக் கொலராடோவுக்குக் கொடுத்ததும் உங்களுக்குப் பிடித்த கதை. 2022 இறுதிப் போட்டியின் நான்காவது ஆட்டத்தில், அறுவைச் சிகிச்சை செய்த கட்டைவிரலோடு வந்து கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோல் அடித்தார். அந்தக் காட்சியைப் போட்டுவிட்டு "இவரையா விட்டார்கள்" என்று கேட்கிறீர்கள். 2018, 2019 இரண்டு வருடமும் பொஸ்டனுக்கு எதிரான தொடரில் இடைநீக்கம் வாங்கி அணியைத் தவிக்க விட்டவரும் அவர்தான். லீஃப்ஸ் அவரை முதலில் கல்கரிக்கு அனுப்பப் பார்த்தது, ஒப்பந்தத்தில் இருந்த உரிமையைப் பயன்படுத்திக் கட்ரி மறுத்தார் என்பதை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். (மூன்று வருடம் கழித்து அதே கல்கரியோடு தானாகவே ஒப்பந்தம் போட்டார்.) கடைசியில் வந்தது, ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம் மிச்சமிருந்த டைசன் பாரியும் அலெக்சாண்டர் கெர்ஃபுட்டும். வருடத்துக்கு 4.5 மில்லியன் டொலருக்கு மூன்று வருடம் மிச்சமிருந்த ஒரு நல்ல நடுக்களத்தாரை இதற்குக் கொடுத்தது என் பார்வையிலும் மலிவான விலைதான். ஆனால் அதைச் சொல்லக் கொலராடோவின் கிண்ணம் வேண்டாம், 2019 ஜூலையின் சம்பளப் பட்டியல் போதும்.

மத்யூஸ், ஜோன் டவாரஸ், மிட்ச் மார்னர், நைலாண்டர் நால்வருக்கும் சேர்த்து வருடத்துக்கு 40 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்ததைப் பற்றி ஒரு வரி மட்டும். அந்த ஒப்பந்தங்கள் போட்டபோது உச்சவரம்பு வருடா வருடம் ஏறும் என்றுதான் முழு லீக்கும் நம்பியது. 2020இல் பெருந்தொற்று வந்து அதை 81.5 மில்லியனில் உறைய வைத்தது. டூபஸ் பேரம் பேசிய விதத்தைக் குறை சொல்லலாம், பொறுமை இல்லை, ஆட்டக்காரர் கேட்டதற்கு அதிகம் வளைந்தார் என்று சொல்லலாம். பெருந்தொற்றைக் கணிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறீர்கள்.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள்.

நான் ஸ்காபரோவில் ஒரு சிறுவர் ஹொக்கி அணிக்குச் சம்பளமில்லாமல் முகாமையாளர் வேலை பார்க்கிறேன். ஐஸ் நேரம் பதிவது, பெற்றோருக்குச் செய்தி அனுப்புவது, யாருடைய கையுறை தொலைந்தது என்று தேடுவது, அப்படியான வேலை. அணியில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்களின் தாத்தா பாட்டிமார் வந்த காலத்தில் இந்த விளையாட்டை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் கற்றோம். அதாவது உங்களிடம் இருந்து. விதிகளோடு சேர்த்து உங்கள் பேச்சையும் கற்றுக்கொண்டோம். தெரிவு ஆட்டம் முடிந்து பட்டியல் ஒட்டும் நாளில் ஒரு அப்பா, பெயர் வராத 13 வயதுப் பையனைப் பார்த்து "இவன் பஸ்ட்", அதாவது தேறாத ஆள், என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் கெட்டவர் அல்ல. விடியக்காலை ஐந்தரைக்கு மகனை அரங்கத்துக்கு ஏற்றி வருகிறவர். அந்தச் சொல் அவருடையது அல்ல, உங்களுடையது. இன்னொரு தாய், போன வருடம் தன் மகன் ஆடும் இடத்தை மாற்றிய பயிற்சியாளரின் முடிவை, பையன் இந்த வருடம் கோல் அடிக்கவில்லை என்பதை வைத்தே முட்டாள்தனம் என்கிறார். அன்று வேறு யார் இருந்தார்கள், யாருக்குக் காயம் என்று நான் எடுத்துச் சொன்னால், "அது சாக்கு" என்கிறார். அதையும் எங்கே கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

லீஃப்ஸ் கழகத்தின் மேசையிலும் உங்கள் பேச்சின் எடை உண்டு. 2023 மே மாதத்தில், 2004க்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தொடரை வென்ற சில வாரங்களுக்குள் டூபஸ் வெளியே. 2025 மேயில் ஃபுளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தைச் சொந்த அரங்கில் 6-1 என்று தோற்ற சில நாளில் கழகத் தலைவர் பிரெண்டன் ஷனஹானும் வெளியே. போனது நியாயமா இல்லையா என்பது வேறு கதை. ஆனால் ஒரு தோல்வியின் சூட்டில் முடிவெடுப்பார்கள் என்று தெரிந்த முகாமையாளர் என்ன செய்வார்? நாளைக்குப் பலன் தரும் தேர்வை இன்றைக்கே விற்பார். அது பலன் தரும்போது அவர் இருக்கப் போவதில்லையே. அப்புறம் அந்தத் தேர்வு இன்னொரு அணியில் நட்சத்திரமாகும், உங்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி கிடைக்கும். 1967க்குப் பிறகு கிண்ணம் பார்க்காத நகரத்தில் இந்த வட்டத்தைச் சுற்றிவிடுவதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

எனவே என் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறேன்.

ஒரு பழைய டிரேடைப் பற்றிப் பேசும்போது, அது நடந்த அன்று நீங்கள் அதைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்பதை முதலில் போட்டுக் காட்டுங்கள். ஒளிப்பதிவுகள் உங்களிடம்தான் இருக்கின்றன. முகாமையாளருக்கு மார்க் போடுகிறவர்கள் அதே மார்க்கைத் தங்களுக்கும் போட்டுக்கொள்ள வேண்டும்.

"கேசலுக்குச் செகின்" என்று திரையில் போடாதீர்கள். கொடுத்தது எந்த வருடத்தின் எந்தச் சுற்றுத் தேர்வு, அன்று அணி எந்த நிலையில் இருந்தது, பாதுகாப்பு நிபந்தனை இருந்ததா, சம்பளக் கணக்கு எப்படி இருந்தது என்பதைப் போடுங்கள். பிறகு எடுக்கப்பட்டவரின் பெயரை வேறாகப் போடுங்கள். வெளியில் தெரிந்த மாற்று வழிகள் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். முன்பு இருந்தவர் போட்ட ஒப்பந்தத்தின் விலையைப் பின்னால் வந்தவரின் கணக்கில் எழுதாதீர்கள்.

டிராஃப்ட் நடந்த மறுநாள் காலையில் அணிகளுக்கு மார்க் போடுவதை நிறுத்துங்கள். ஐந்து வருடம் பொறுத்துப் போடுங்கள். அப்போதும் எடுத்தவர் யார் என்பதோடு, எத்தனை வாய்ப்பைக் கொடுத்து எத்தனை வாய்ப்பை வாங்கினார்கள் என்பதையும் பாருங்கள். 2011இன் பிக்ஸ் பரிமாற்றத்தை அப்படி ஒரு முறை நிதானமாக ஆராய்ந்து காட்டுங்கள், உங்கள் பார்வையாளர்களுக்கு அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

18 வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது "பஸ்ட்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஆடவில்லை, தேறவில்லை, காயம் பட்டார் என்று சொல்ல உங்களுக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக, அந்தப் பட்டியலில் இருந்து ரோடியோன் அமிரோவின் பெயரை எடுங்கள். இணையத்தில் இருக்கும் பதிவிலும் எடுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்பதை நிகழ்ச்சியில் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். இதற்குக் கூட்டம் கூட்டி ஆலோசிக்கத் தேவையில்லை, அடுத்த ஒளிபரப்பிலேயே செய்யலாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் இருந்து ஒரு லீஃப்ஸ் ரசிகர்